பட்டாளத்துப் பென்ஷனும் மூன்று வருஷ மண்ணும்

படையில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் நம் கூட்டங்களுக்கு வருவது கூடிக்கொண்டே இருக்கிறது. வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "சார், இயற்கை விவசாயத்துல மாசம் எவ்வளவு நிக்கும்?" கேட்பவருக்கு வயது முப்பத்தெட்டு இருக்கும், மிஞ்சினால் நாற்பத்திரண்டு. பெரிய பிள்ளை ஒன்பதாவது படிக்கும். வங்கியில் விவசாயக் கடன் பார்த்துவிட்டு இப்போது கருவேப்பிலங்குறிச்சியில் பயிர் வைக்கிறவன் என்பதால், இந்தக் கேள்வி வந்தாலே தோழர்கள் என் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே பாடமாக எழுதுகிறேன்.

பதில் கொஞ்சம் கசக்கும். ரசாயன உரம் போட்டுப் பழகிய நிலத்தை மாற்றும்போது முதல் மூன்று வருஷம் மாதக் கணக்குப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. முதல் போகத்தில் மகசூல் இறங்கும். இரண்டாம் வருஷம் தடுமாறும். மண்ணில் மண்புழு திரும்பி வந்து, மழைத் தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்க ஆரம்பித்த பிறகுதான் செலவு குறைவது தெரியும். சான்றிதழ் விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது. தேசிய அங்கக வேளாண் திட்டத்தில் ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருஷமும், முந்திரி, மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 வருஷமும் மாறும் காலம்.

இந்த மூன்று வருஷத்தைத் தாங்க முடியாமல்தான் நம்மில் பாதிப் பேர் மறுபடியும் யூரியா மூட்டையைத் தூக்குகிறார்கள். வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இல்லாதவன் இரண்டாம் வருஷம் உரக்கடைக்குப் போனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பட்டாளத்துக்காரருக்கு மட்டும் அந்த நெருக்கடி இல்லை. மாதம் பிறந்தால் அவர் கணக்கில் பென்ஷன் ஏறுகிறது. மண் திருந்தும் வரை அரிசி, பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் அதில் நடக்கும். நம் மாதிரி விவசாயத்துக்கு வேண்டிய பெரிய முதல் பொறுமை. அந்தப் பொறுமையைச் சர்க்காரே மாதாமாதம் அவர் கையில் கொடுக்கிறது. அதை அவர் வந்த ஆறே மாதத்தில் கரைத்துவிடுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நம் நாட்டில் முப்படைகளில் இருந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் வெளியே வருகிறார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருஷ சேவை வேண்டும். ஹவில்தார், சுபேதார் என்று உயர்ந்தவர்கள் இன்னும் சில வருஷம் இருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் மற்ற அரசு ஊழியர்கள் இடைநிலைப் பதவியில் இருக்கும் வயதில் இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு படைவீரர்கள். நம் விருத்தாசலம் வட்டாரம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், ஊருக்கு நாலு 'மிலிட்டரிக்காரர் வீடு' இல்லாமல் இருக்காது.

இனி கணக்குக்கு வருவோம். இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வின்போது அவர் கையில் மொத்தமாக வருவது பணிக்கொடை, சேமநிதி, விடுப்புக்கான பணம், அதோடு கம்யூட்டேஷன். முதல் மூன்றும் அவர் சேர்த்தது. நாலாவதுதான் பலருக்குப் புரிவதில்லை. பென்ஷனில் ஒரு பகுதியை, படைவீரர்களுக்குப் பாதி வரை, முன்கூட்டியே மொத்தப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். 15 வருஷம் அந்தப் பகுதி பென்ஷனில் பிடித்தமாகும். அதன் பிறகு முழுப் பென்ஷன் திரும்பும். நாற்பது வயதை ஒட்டியவருக்கு, விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒன்பது வருஷத்துக்குச் சற்று மேலான தொகை கையில் வரும்.

அடிப்படைப் பென்ஷன் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதியை, அதாவது 10,000 ரூபாயை, விட்டுக்கொடுத்தால் கையில் வருவது சுமார் 10 லட்சத்து 90 ஆயிரம். 15 வருஷத்தில் பிடித்தமாவது 18 லட்சம். வங்கிக்காரன் கண்ணால் பார்த்தால் இது உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் ஒரு கடன், வட்டி ஏழேகால் சதவீதத்தை ஒட்டி வருகிறது. மோசமான கடன் என்று சொல்ல மாட்டேன். அகவிலைப்படி குறைக்காத முழுப் பென்ஷன் மேல்தான் கணக்காகும். இடையில் அவர் இறந்துவிட்டால் மீதியை யாரும் கேட்பதில்லை, குடும்பப் பென்ஷனிலும் கை வைப்பதில்லை. ஆனால் கடன் கடன்தான். மாதம் 10,000 ரூபாய் போய்விடுகிறது. மண் திருந்தாத அந்த மூன்று வருஷத்திலும் போய்விடுகிறது.

அதனால் நான் கேட்கும் கேள்வி: அந்தப் பணத்தை எதில் போடப் போகிறீர்கள்? வீட்டில் மூணு வட்டிக் கடன் இருக்கிறதா? மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். ஏழேகால் சதவீதத்தில் வாங்கி அதை அடைப்பது நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள். அடகில் இருக்கும் நிலத்தை மீட்பதும் அப்படித்தான். வைப்புநிதியில் போட்டு வட்டி வாங்கப் போகிறேன் என்றால், கொடுக்கும் வட்டியும் வாங்கும் வட்டியும் கிட்டத்தட்ட ஒன்று; இடது கையில் இருந்து வலது கைக்கு மாற்றுவதற்கு எதற்கு இவ்வளவு படிவம்? சாகுபடிச் செலவுக்கு என்றால் வேண்டவே வேண்டாம். கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை பயிர்க்கடன் 7 சதவீதம், தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைத்து 4 சதவீதத்தில் முடிகிறது. நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய நாளில் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. ஓய்வு பெற்ற ஒரு வருஷத்துக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் கம்யூட்டேஷன் கிடைக்கும் என்பதற்காக அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வருஷம் யோசிப்பதற்கு இருக்கும் வருஷம்.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால், மூன்று இடம்: வீடு, டிராக்டர், போர். வீட்டைப் பற்றி நான் பேசுவதில்லை. பதினெட்டு வருஷம் கூடாரத்திலும் பாரக்கிலும் படுத்தவன் சொந்தமாக மாடி வீடு கட்ட ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் டிராக்டர்? 7 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருஷத் தவணை என்றால் மாதம் 15,000 ரூபாய்க்கு 100, 150 குறைவாகக் கட்ட வேண்டும். இரண்டு ஏக்கருக்கு வருஷம் முழுக்க உழவு, ரோட்டவேட்டர் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் ஓடினால் அதிகம். அதை வாடகைக்கு எடுத்தால் ஒரு மாதத் தவணைப் பணத்தில் வருஷத்து உழவு முடிந்துவிடும். வேளாண் பொறியியல் துறையின் வண்டி தனியார் வாடகையைவிட இன்னும் குறைவு, உழவன் செயலியில் பதிந்து கேட்கலாம். நம் வெள்ளாற்றங்கரை மண் வேறு களிப்பு. பக்கத்தில் விருத்தாசலம் பீங்கான் ஊர். களிமண்ணை என்ன செய்தால் கல்லாகும் என்று அங்கே பாடமே நடத்துகிறார்கள். ஈரத்தில் கனமான டிராக்டரை ஓட்டினால் சூளை இல்லாமலேயே நாமும் அதைச் செய்துவிடுவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, சொந்தமாக டிராக்டர் வாங்கி, அதை ஓட்ட வைக்க ஊரார் நிலத்துக்கெல்லாம் போய், தன் வயலில் களை எடுக்க நேரம் இல்லாமல் போனார். மூன்றாம் வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலைக்குப் போய்விட்டார். குத்தகைக்கு எடுத்தவர் முதல் வேலையாகக் களைக்கொல்லி அடித்தார். அந்த இரண்டு வருஷத்து உழைப்பும் அதோடு போயிற்று.

போர் விஷயத்தில் எதற்கும் முதல் வருஷம் காத்திருங்கள் என்பேன். பெலாந்துறை அணைக்கட்டு வாய்க்கால் பாயும் நிலம் என்றால் ஒரு கணக்கு. மேட்டு நிலம், மானாவாரி என்றால் வேறு கணக்கு. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நிலத்தில் நின்று, தண்ணீர் எங்கே வந்து எங்கே போகிறது என்று பார்த்த பிறகு பண்ணைக்குட்டையா, வரப்பை உயர்த்தினால் போதுமா, போர்தான் வேண்டுமா என்று தீர்மானிக்கலாம்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் பட்டாளத்துக்காரர் செய்த வேலைக்கு நாடறிந்த உதாரணம் இருக்கிறது. அண்ணா ஹசாரே ராணுவத்தில் லாரி ஓட்டியவர், 1965 போரில் கேம்கரன் பகுதியில் உயிர் தப்பியவர். 1975-இல் மகாராஷ்டிரத்தின் ராலேகான் சித்திக்குத் திரும்பினார். மழை குறைந்த, குடிநீருக்கே தவித்த ஊர். அவர் போர் போட்டுத் தனக்கென்று தோட்டம் வைக்கவில்லை. ஊர் மக்களைச் சேர்த்துச் சரிவுகளில் வரப்பு, ஓடைகளில் தடுப்பு, கசிவுநீர்க் குட்டை என்று மழையை ஊருக்குள் நிறுத்தினார்கள். தண்ணீரை உறிஞ்சும் கரும்பு வேண்டாம் என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்தார்கள். கிணறுகளில் நீர் ஏறிய பிறகுதான் வெங்காயமும் பாலும் வெளியூர் போயின. அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி நம் கூட்டத்திலேயே நாலு கருத்து உண்டு, அது வேறு கதை. குடித்தவர்களைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்த பட்டாளத்து முறையையும் நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு படைவீரர் தன் பென்ஷன் காலத்தை எதில் முதலீடு செய்தால் ஒரு ஊரின் நிலத்தடி நீர் ஏறும் என்பதை அங்கே பார்க்கலாம்.

அரசே செய்த முயற்சியும் உண்டு. 1982-இல் பிராந்திய ராணுவத்தில் 127-வது படைப்பிரிவைச் சுற்றுச்சூழல் படையாக அமைத்து, கார்வால் பகுதியின் முன்னாள் படைவீரர்களை அதில் சேர்த்தார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்து மொட்டையாகிக் கிடந்த முசௌரி மலைச் சரிவுகளில் அவர்கள் மரம் நட்டார்கள். நடுவதைவிட நட்டதைக் காப்பாற்றுவதில்தான் பட்டாளத்துப் பழக்கம் உதவியது: யார் எந்தச் சரிவுக்குப் பொறுப்பு, எத்தனை கன்று பட்டுப்போனது, எப்போது மறு நடவு என்று கணக்கு வைத்து வேலை செய்தார்கள். நம் வட்டாரத்தில் 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதே, அதன் பிறகு நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பழக்கம் நமக்கு எங்கே பயன்படும் என்றால், பங்கேற்பு உத்தரவாதச் சான்றில். பி.ஜி.எஸ். என்கிறோமே, அது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, கூடித் தீர்மானிக்க வேண்டும். நம் குழுக்கள் பெரும்பாலும் படுத்துப்போவது பயிரில் இல்லை, பதிவேட்டில். "அவர் நம்ம ஆளுதானே, போட்டுக்கோ" என்று பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிற குணம் நம்மிடம் உண்டு. எங்கள் பக்கத்துக் குழுவில் ஓய்வு பெற்ற ஒரு நாயக்கைப் பதிவேட்டுக்குப் பொறுப்பாக வைத்தார்கள். தேதி, விதை எங்கே வாங்கியது, எத்தனை லிட்டர் ஜீவாமிர்தம், பக்கத்து வயலில் மருந்து அடித்த நாள், காற்று எந்தப் பக்கம், எல்லாம் இருக்கும். பக்கத்து வயலில் இருந்து மருந்துத் தண்ணீர் வரும் இடத்தில் வரப்போரத் தடுப்புப் பயிர் இல்லை என்று தன் சொந்த மைத்துனன் வயலையே நிறுத்தி வைத்தார். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லையாம். அந்தக் குழுவின் அரிசியை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

விற்பனைக்கும் அவர்களிடம் ஒரு வழி இருக்கிறது, அதை அவர்களே யோசிப்பதில்லை. கூடப் பணிபுரிந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க, அதைத் தாண்டியும் இருக்கிறார்கள். ஒரே பேட்ச் என்றால் அண்ணன் தம்பிக்கு மேலே. அந்தக் குழுவில் ஒரு செய்தி போட்டால் ஐம்பது வீட்டுக்குத் தூயமல்லி அரிசியும் செக்கில் ஆட்டிய மணிலா எண்ணெயும் போகும். இடைத்தரகருக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் வருஷத்து விளைச்சலை 'இயற்கை' என்று சொல்லி விற்காதீர்கள். மாறும் கால விளைச்சல் என்று சொல்லியே கொடுங்கள். தோழனிடம் போன சொல் திரும்பாது.

நிலத்தில் என்ன செய்வது என்பது இந்தப் பத்திரிகையைப் படிப்பவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஏக்கர் இருந்தால் முதலில் ஒரு ஏக்கரை மட்டும் மாற்றுங்கள். அதிலும் மோசமான ஏக்கரை எடுக்காதீர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் தினமும் கால் படும் ஏக்கரை எடுங்கள். கோடை மழைக்குப் பலதானியம் விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள், நஞ்சை என்றால் தக்கைப்பூண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரத்தில் உளுந்து தெளியுங்கள். ரகம், பட்டம் பற்றிய சந்தேகத்துக்கு விருத்தாசலத்திலேயே மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. முந்திரியிலும் மணிலாவிலும் வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ரகங்கள் அங்கே பிறந்தவை. நம் வழியும் அவர்கள் வழியும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகாது. மண் பரிசோதனைக்கும் விதைக்கும் போவதில் என்ன தடை?

இதைவிட முக்கியமான ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தப் பதினெட்டு, இருபது வருஷம் நிலத்தைப் பார்த்தது யார்? அவர் வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் வந்து வரப்பில் நடந்துவிட்டுப் போவார். நாற்று விட்டது, ஆள் கூப்பிட்டது, தண்ணீர் முறைக்கு ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போனது, கூட்டுறவுச் சங்கத்தில் நின்றது எல்லாம் அவருடைய மனைவி, அல்லது அம்மா. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் கண்டத்தில் கோரை அதிகம், எந்த ஆளை நம்பலாம் என்பது அந்தத் தங்கச்சிக்குத் தெரியும். இவர் ஓய்வு பெற்று வந்து மறுநாளே, "இனிமே நான் பாத்துக்கறேன், நீ வீட்ல இரு" என்கிறார். அன்பில் சொல்வதுதான். ஆனால் அங்கே ஒரு அனுபவமுள்ள விவசாயியை வேலையில் இருந்து நீக்கிவிட்டு, ஒரு புது ஆளை மேலே உட்கார வைக்கிறோம். நடவுக்கு வரும் பெண்களிடம் கட்டளைக் குரலில் பேசி, மறுநாள் ஆள் வராமல் போன வீடுகளும் எனக்குத் தெரியும். முதல் வருஷம் அந்த அம்மாவிடம் வேலை கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் சில தம்பிகளுக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும். பி.ஜி.எஸ். குழுவில் உறுப்பினர் பெயரும் அவருடையதாகவே இருக்கட்டும். பென்ஷன் கணக்கு இன்னும் தனிக் கணக்காக இருந்தால், இதே வாரம் மனைவியோடு கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். பின்னால் குடும்பப் பென்ஷனுக்கு அலைச்சல் குறையும்.

காகித வேலை இரண்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பட்டா பெரும்பாலும் அப்பா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கும். வெளியூரில் இருந்தவர் என்பதால் பாகப்பிரிவினை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். சிட்டா, அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடனும் கிடையாது, பயிர்க் காப்பீட்டிலும் சிக்கல். அண்ணன் தம்பிகள் நல்ல முகத்தோடு இருக்கும்போதே பத்திரம் பதிந்து உட்பிரிவு வாங்கிவிடுங்கள். அடுத்தது, வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரும் பி.எம். கிசான். மாதப் பென்ஷன் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்குபவர், கடைநிலை ஊழியர் தவிர, அதற்குத் தகுதி இல்லை. யாரோ பதிந்து கொடுத்தார்கள் என்று வாங்கிவிட்டுப் பின்னால் திருப்பிக் கட்டும்படி ஆக வேண்டாம்.

விவசாயம் எல்லோருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் பணியில் 14.5 சதவீதம், கடைநிலைப் பணியில் 24.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு. எழுத்தர் பணிக்குப் பட்டம் இல்லாவிட்டாலும், பத்தாவது தேறி 15 வருஷ சேவையும் படையின் கல்விச் சான்றும் இருந்தால் எழுதலாம். வயதிலும் சேவைக் காலமும் 3 வருஷமும் கழித்து, 50 வரை சலுகை. இப்போது தேர்வைத் தமிழிலேயே எழுத முடியும். என்னோடு வேலை பார்த்த எழுத்தர்களில் படையில் இருந்து வந்தவர்கள் இருந்தார்கள்; ரொக்கக் கணக்கு மாலையில் ஒரு ரூபாய் பிசகாது. அப்படி ஒரு வேலை கிடைத்தால் போங்கள். நிலத்தில் முந்திரி, பலா, தேக்கு என்று மரப்பயிரை வைத்து, ஓரத்து அரை ஏக்கரை வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டால் போதும். அறுபதில் வந்து பார்க்கும்போது மண் உங்களுக்காகக் காத்திருக்கும். மாநில அரசின் டெக்ஸ்கோ மூலம் காவல் பணிகளும் கிடைக்கின்றன. தொழில் தொடங்குவோருக்கு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்ற திட்டத்தில் 1 கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று அறிவித்திருக்கிறார்கள். குழுவாக மரச்செக்கோ அரிசி ஆலையோ வைக்க நினைப்பவர்கள் விசாரிக்கலாம். மானியம் 30 என்றால் மீதி 70 உங்கள் தலையில் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.

இவ்வளவும் பென்ஷன் உள்ளவருக்கு. அக்னிவீரர் கணக்கு வேறு.

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில், அந்த ஆண்டுக் கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணிகளின் நாலு வருஷம் 2026 கடைசியில் இருந்து முடிகிறது. நூற்றுக்கு 25 பேர் வரை படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் ஊருக்கு வருவார்கள். பென்ஷன் கிடையாது, பணிக்கொடை கிடையாது. கையில் சேவா நிதி, வட்டியோடு சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம். பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது, பாதி அரசு போட்டது.

அந்தப் பணம் வந்த அன்றே பைக் கடைக்காரரும் மனைத் தரகரும் வீட்டு வாசலில் நிற்பார்கள். நம் ஆட்களிலும் சிலர், "வா தம்பி, இயற்கை விவசாயம் பண்ணலாம், நிலம் வாங்கு" என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். 11.71 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டால் வருஷத்துக்கு 82,000, மாதத்துக்கு 6,800 ரூபாய்தான். மூத்த படைவீரரைத் தாங்கும் பென்ஷன் மாதிரி இது மூன்று வருஷ மண்ணைத் தாங்காது. தாங்க வைக்க முதலைத் தொட்டால், மண் திருந்தும்போது பணம் தீர்ந்திருக்கும், பையனுக்கு வயது இருபத்தாறு ஆகியிருக்கும்.

அவனுக்கு நான் சொல்வது இது. 8 லட்சத்தை அப்பா, மாமா யாரும் கேட்க முடியாதபடி பூட்டி வை. மத்தியக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, வயது தாண்டுவதற்குள் எழுது. பத்தாவதோடு போனவன் என்றால் பணியில் இருக்கும்போதே பன்னிரண்டாவதுக்கு இணையான சான்று வாங்கும் வழி உண்டு, அதை வாங்காமல் வெளியே வராதே. அதை வைத்து வேளாண்மையிலோ தோட்டக்கலையிலோ பட்டயம் படி. நிலத்தின் மேல் ஆசை இருந்தால் விலைக்கு வாங்காதே. வீட்டு நிலத்தில் இருபது சென்ட் எடுத்துக் காய்கறி போடு, இரண்டு போகம் பார். ஆள் தேவைப்படும் பி.ஜி.எஸ். குழுக்கள் நம் வட்டாரத்தில் இருக்கின்றன, அங்கே பதிவேடு எழுதப் போ. சம்பளம் கிடைக்காது, பத்து விவசாயியின் வயலுக்குள் நடக்கும் உரிமை கிடைக்கும்.

பையன் படையில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அவன் லீவுக்கு வரும்போது இந்தக் கணக்கை அவனோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் போடுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு போட உட்கார்ந்தால் வாசலில் நிற்கிறவர்களும் கூட உட்கார்ந்துவிடுவார்கள்.